மார்கழி மழை விட்டதும் மீன்குளத்தைப் பாருங்கள்

கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம் மீன்குளம் வைத்திருப்பவர்கள் இந்தக் கிழமை முழுக்க விடியப்புறம் ஒருமுறை கரையைச் சுற்றி வாருங்கள். வெயில் ஏறியபின் பார்த்துப் பிரயோசனமில்லை. தண்ணீரில் ஒட்சிசன் ஆகக் குறைவது சூரியன் எழ முன்னர்தான். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று தீன் போடாதீர்கள். நீர்ப்பம்பியால் குளத்துத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து குளத்துக்குள் விழ விடுங்கள்.

செதிள் சிலிர்த்து, வயிறு ஊதி, கண் பிதுங்கி, செட்டையடியில் இரத்தம் கட்டியிருந்தால் பெரும்பாலும் ஏரோமோனாஸ் பக்டீரியாவின் வேலை. அது புதிதாக வந்த விருந்தாளியல்ல, எந்தக் குளத்திலும் எப்போதும் இருப்பது. வெள்ளச் சேறு, வயலில் அடித்த மருந்து, இரவுக் குளிர், நெருக்கம் எல்லாம் சேர்ந்து மீன் சோர்ந்தால்தான் உள்ளே நுழையும். அதனால் முதலில் தண்ணீரைத் திருத்துங்கள். தீனைப் பாதியாக்குங்கள். வாய்க்கால் தண்ணீர் வரும் வாயிலுக்குச் சிறுகண் வலை கட்டுங்கள். 2018 டிசம்பரில் வந்ததுபோல வெள்ளம் ஏறினால், வெளி மீனும் அதன் நோயும் ஒன்றாகவே உள்ளே வரும்.

விராலில் குழி விழுந்த புண் கண்டால் அது வேறு கதையாக இருக்கலாம். 1987 இல் இலங்கைக்குள் வந்த புண்நோய்க்கு மூலம் ஒரு நீர்ப்பூஞ்சை. பக்டீரியா பிறகு வந்து ஒட்டிக்கொள்வது. திலாப்பியா சுழன்று சுழன்று நீந்தும் நோயோ சூட்டுக் காலத்தில்தான் கூட. அதைச் சித்திரைக்குப் பிறகு பார்ப்போம்.

பழக்கத்துக்காகச் சுண்ணாம்பு கொட்டுகிறவர்கள் அதிகம். முதலில் பிஎச் தாளால் பாருங்கள். 7க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏக்கருக்கு 40 முதல் 80 கிலோ வரை விவசாயச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிக்கலாம். மேலே இருந்தால் வேண்டாம். மீன் இருக்கும் குளத்தில் நீறாத சுண்ணாம்பு போடவே கூடாது; பிஎச் திடீரென ஏற, அமோனியா நஞ்சாகிவிடும்.

கோழிக்கு வாங்கிய அன்ரிபயோட்டிக்கைத் தீனில் கலக்காதீர்கள். நோயுற்ற மீன் தீனே தின்னாது, மருந்து எப்படி உள்ளே போகும்? மிஞ்சுவது மருந்துக்குப் பழகிய பக்டீரியாதான்.

செத்த மீனை வாய்க்காலில் வீசாமல், குளத்துக்கு எட்ட, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். கையில் காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் குளத்தில் இறங்கவேண்டாம். இதே ஏரோமோனாஸ் பக்டீரியா மனிதப் புண்ணையும் பழுதாக்கும். அவசரமில்லாமல் வலை இழுப்பதையும் ஒத்திவையுங்கள், உரசிய இடமெல்லாம் நோய்க்கு வாசல்.

சாவு நாளுக்கு நாள் கூடினால், மீன்வளர்ப்புக்குப் பொறுப்பான அரச நிறுவனமான நெக்டாவின் அலுவலருக்குச் சொல்லுங்கள். கொண்டுபோவது செத்த மீனாக இருக்கக்கூடாது; அதில் அழுகல் பக்டீரியாதான் முளைக்கும். உயிரோடு தள்ளாடும் இரண்டு மூன்றைக் குளத்துத் தண்ணீரோடு பொலித்தீன் பையில் கட்டி, காலையிலேயே கொண்டுபோங்கள்.