ட்ரிம்மைத் தொடாதே! – மாடல் லாரிக்கும் உண்டு வீல் அலைன்மெண்ட்

ரேடியோ கண்ட்ரோல் மாடல் லாரியைத் தரையில் விடுகிறோம். நேராகப் போகாமல் இடது பக்கம் இழுக்கிறது. உடனே நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? டிரான்ஸ்மிட்டரில் உள்ள ஸ்டீயரிங் ட்ரிம் குமிழை வலப்பக்கம் கொஞ்சம் திருகுகிறோம். வண்டி நேராகிறது. "அவ்வளவுதான் மச்சி, ரெடி!" என்று கை தட்டுகிறோம். பத்து நிமிடம் கழித்து அதே வண்டி மறுபடி இழுக்கும். இடது பக்கம் சின்ன வட்டத்தில் திரும்புவது, வலது பக்கம் பெரிய வட்டம் போடும். ட்ரிம் என்பது காய்ச்சலுக்குப் போடும் மாத்திரை மாதிரி. காய்ச்சல் இறங்கும், காரணம் உள்ளேயே இருக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மாடல் வண்டி செய்கிற நண்பர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வைவாவுக்கு வருகிற எக்ஸ்டர்னல் சார் ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னால் கதை கந்தல்!

ஆகவே முதல் வேலை, ட்ரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வருவது. பிறகு சர்வோவின் கையை, அதாவது ஹார்னைக் கழற்றிவிட்டு ரேடியோவை ஆன் செய்யுங்கள். ரிசீவர் அனுப்பும் 1.5 மில்லி செகண்ட் பல்ஸில் சர்வோ தானாக நடு இடத்தில் வந்து நிற்கும். அப்போது ஹார்னை லிங்க்குக்குச் செங்குத்தாக மாட்ட வேண்டும். 25 பல் உள்ள ஷாஃப்டில் ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 டிகிரி போய்விடும். இதைத்தான் பலர் ட்ரிம்மில் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் சர்வோ முட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் பல் உதிரும்.

அடுத்து ஆட்டம் பார்க்க வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க இடது பக்கம் திருப்பி, விட்டுவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். பிறகு முழுக்க வலது பக்கம் திருப்பி, விட்டுவிட்டு ஓட்டுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கம் ஒரே அளவு இழுத்தால் அது அளவுக் கோளாறு. முதல் முறை இடமும் இரண்டாம் முறை வலமும் இழுத்தால் கோளாறு அளவில் இல்லை. பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கும், கிங் பின் இறுகியிருக்கும், அல்லது சர்வோ சேவர் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும். இந்த நிலையில் எந்த ட்ரிம்மும் எந்த டை ராடு திருகலும் உதவாது. பார்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சோதனையை மேஜை மேல் செய்யாதீர்கள், கணக்கைப் பாருங்க. 27 செ.மீ. வீல்பேஸ் உள்ள வண்டியில் முன் சக்கரங்கள் 1 டிகிரி திரும்பியிருந்தால் அது சுமார் 15.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். 1 மீட்டர் தூரத்தில் விலகல் 3 செ.மீ. தான், கண்ணுக்கே தெரியாது. 5 மீட்டரில் 80 செ.மீ.! 10 மீட்டரில் 3 மீட்டரைத் தாண்டிவிடும். பேட்மிண்டன் கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். அதன் பக்கக் கோட்டை ஒட்டி ஓட்டிப் பார்ப்பதற்கு இணையான டெஸ்ட் பெஞ்ச் வேறு கிடையாது.

இனி டோ-இன். இங்கேதான் பெரிய குழப்பம். வண்டி ஒரு பக்கம் இழுப்பது வேறு, டோ தப்பாக இருப்பது வேறு. இரண்டு சக்கரமும் சம அளவில் உள்நோக்கி இருந்தால் வண்டி நேராகத்தான் போகும். ஆனால் ஒவ்வொரு சக்கரமும் தேய்த்துக்கொண்டே போகும். 1 டிகிரி என்றால் ஒரு மீட்டருக்கு 17.5 மி.மீ. பக்கவாட்டு உரசல். டயர் ஓரம் சொரசொரப்பாகும், மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆக, நேராகப் போகிறது என்பதே சர்டிஃபிகேட் ஆகாது.

அளப்பதற்குச் சமதளம் தேவை. வீட்டுச் சமையலறைக் கடப்பா கல் போதும், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். (அம்மாவிடம் பர்மிஷன் வாங்குவது உங்கள் பொறுப்பு.) இரண்டு முன் சக்கரங்களின் முன்புறத்திலும் அச்சு உயரத்தில் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டி, அதே புள்ளிகள் பின்புறம் வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். பிளாஸ்டிக் ரிம் எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். அதே புள்ளியை எடுத்தால் அந்தக் கோணல் கணக்கில் வராது.

ஒரு எச்சரிக்கை. லாரியின் மில்லி மீட்டரை மாடலுக்கு அப்படியே வைக்கக் கூடாது. 1 மீட்டர் விட்டமுள்ள லாரி டயரில் மொத்தம் 2 மி.மீ. டோ-இன் என்றால் சக்கரத்துக்கு 0.06 டிகிரி கூட இல்லை. 110 மி.மீ. மாடல் டயரில் அதே 2 மி.மீ. அரை டிகிரிக்கு மேல் ஆகிவிடும், 9 மடங்கு! எடுக்க வேண்டியது கோணத்தை.

லேலண்ட் லாரி, பஸ்களில் பெரும்பாலும் முன் அச்சு ஒரே இரும்பு உத்தரம். கேம்பரும் கிங் பின் சாய்வும் அதிலேயே அமைந்துவிடும். ஒர்க்ஷாப்பில் சாதாரணமாக மாற்றக்கூடியது டை ராடு மூலம் டோ மட்டுமே. 1993ல் டாமியா கம்பெனி வெளியிட்ட கிங் ஹாலர் மாடல் லாரியிலும் இதே போல லீஃப் ஸ்ப்ரிங்கும் ஒற்றை அச்சும்தான். அதில் கேம்பர் மாறியிருந்தால் அட்ஜஸ்ட்மெண்ட்டைத் தேடாதீர்கள். ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

அதே கம்பெனியின் 1987 கிளாட் பஸ்டர் இன்னொரு பாடம். 2 மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். ஆனால் சர்வோ சேஸிஸில், சக்கரம் அச்சில். மேடு பள்ளத்தில் அச்சு மேலே கீழே ஆடும்போது, சர்வோவிலிருந்து வரும் லிங்க் வேறு வில்லில் ஆடும். நாம் ஸ்டிக்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். இதற்குப் பெயர் பம்ப் ஸ்டீயர். உங்கள் வண்டியில் சேஸிஸைக் கையால் அழுத்திப் பாருங்க, சக்கரம் திரும்பினால் அதுதான் நோய். லிங்க்கின் நீளமும் சாய்வும் சஸ்பென்ஷன் ஆர்முக்கு இணையாக வர வேண்டும். கிளாட் பஸ்டர் பிரியர்கள் பலர் சர்வோவையே அச்சின் மேல் மாற்றி மாட்டிப் பிரச்சினையைத் தீர்த்தார்கள். லாரியில் டிராக் லிங்க்கும் லீஃப் ஸ்ப்ரிங்கும் ஒத்துப் போகாவிட்டால் இதே கதைதான்.

நான்கு மூலையிலும் தனித்தனி ஸ்ப்ரிங் உள்ள வண்டிக்கு இன்னொன்று பார்க்க வேண்டும். முன்பக்கம் சரியாக நடுவில் ஒரு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகத் தரையை விட வேண்டும். இடது சக்கரம் முதலில் கிளம்பினால் நாம் உடனே இடது முன் ஸ்ப்ரிங்கைத்தான் நோண்டுவோம். அது தப்பு! தூக்கிய நிலையில் முன் ஸ்ப்ரிங்குகள் முழுக்க நீண்டுவிட்டன. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முடிவு செய்வது பின் ஸ்ப்ரிங்குகள்தான். முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஒரே நீளமா என்று பார்த்துக்கொண்டு, வலது பின் ஸ்ப்ரிங்கைக் கவனியுங்கள். கோளாறு எதிர் மூலையில் ஒளிந்திருக்கும். பேட்டரி ஒரு ஓரமாகக் கட்டப்பட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

ஸ்பேர் சர்வோ ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஆனால் நம் ஊரில் சர்வோவை விடச் சீக்கிரம் கெடுவது கிங் பின்தான், காரணம் கடற்கரை. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே பிரித்து, பிரஷ்ஷால் மணலைத் தட்டி, உப்பு ஈரம் போகத் துடைத்து வையுங்கள். திறந்த இடத்தில் கிரீஸ் மட்டும் பூசாதீர்கள். அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு அரம் மாதிரி ராவும்.