முன்பணம் கொடுக்கும் முன் மலை ஏற்றிப் பார்

பாப்பா, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிராவலர் வேன் படங்களைப் பார்த்தேன். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நீயும் உன் வீட்டுக்காரரும் அதிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகப்போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடியிருக்க வாங்குகிற வண்டியைப் பார்க்கிற விதம் வேறு. புரோக்கர் கள்ளக்குறிச்சி பைபாஸில் ஓட்டிக் காட்டுவார். அந்த ரோட்டில் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் போகும். நீ கல்வராயன் மலைக்கு ஏற்றிப் பார்.

வெறும் வண்டியாக ஏற்றாதே. 20 லிட்டர் தண்ணீர் கேன் பத்து நிரப்பி வை, 200 கிலோ ஆச்சு. கூட நாலு பேர் உட்காருங்கள். கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அடுப்பு, துணிமணி எல்லாம் ஏறிய பிறகு தினமும் அந்த அளவு பாரத்தைத்தான் வண்டி இழுக்கப்போகிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வெள்ளிமலைக்கு ஏறும்போது காது கொடுத்துக் கேள். இன்ஜின் இரைச்சல் கூடிக்கொண்டே போய், வேகம் கூடாமல் நின்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஹீட் முள் நிற்காமல் மேலே போனால் ஓரமாக நிறுத்திவிடு. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பெரியார் அருவிப் பக்கம் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடி ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றச் சொல். அங்கிருந்து குப்குப்பென்று புகை தள்ளினால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறக்கச் சொல். அப்படி இறக்கியும் பிரேக் கருகுகிற வாடை வந்தாலோ, பெடல் உள்ளே போய்க்கொண்டே இருந்தாலோ அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

மலைக்குக் கிளம்பும் முன், காலையில் பானட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உனக்குத் தெரிய வேண்டும். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயசான டயர் வெடிக்கும்.

சென்னைப் பதிவு வண்டி என்றால் இன்னும் கவனம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே ஏராளமான வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைத்து விட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், உள்பக்கத்தில் சேற்றுக் கறை நிற்கும். தரை மேட்டைத் தூக்கி முகர்ந்தும் பார்.

பெயின்ட் எப்படியோ போகட்டும், கூரையை விடாதே. இரண்டு குடம் தண்ணீரை மேலே ஊற்றச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி உள்ளே உட்கார். நான் பார்த்த ஒரு வேனில் உள்பக்க பிளைவுட் பளபளவென்று இருந்தது. ஜன்னல் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன், ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போனது. நீ அதற்குள்ளேதான் ஐப்பசி மழையில் படுக்கப்போகிறாய்.

இனி பேப்பர். இதில் நான் பட்டிருக்கிறேன். நாங்கள் ஓம்னி வாங்கியபோது, லோன் கட்டி முடித்தாச்சு, இரண்டு நாளில் என்ஓசி வந்துவிடும் என்று விற்றவர் சொன்னார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஏழு மாதம் அலைந்தோம். ஆர்சி புத்தகத்தில் எச்.பி. என்கிற கடன் பதிவு ரத்தாகாமல் பெயர் மாற்ற முடியவில்லை. அதனால் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எச்.பி., எஃப்சி, இன்சூரன்ஸ், வரி நாலையும் நீயே பார். பாக்கி அபராதத்தை இ-சலான் தளத்தில் பார். கடன் இருந்தால் படிவம் 35-ம் ஃபைனான்ஸ் என்ஓசியும் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம். பெயர் மாற்ற 29, 30 படிவங்களில் உன் கண் முன்னால் கையெழுத்து வாங்கு. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடு.

நீ காட்டியது மஞ்சள் போர்டு வேன். அதை ஓன் போர்டு ஆக்க வேண்டும், பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும், வரி வித்தியாசம் கட்ட வேண்டும். சீட்டைக் கழற்றிக் கட்டில், அடுப்பு பொருத்துவதும் ஆர்டிஓ அனுமதி இல்லாமல் கூடாது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று விதிகளில் தனி வகையே இருக்கிறது. உன் வண்டியை அதில் பதிய முடியுமா என்று வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேள். அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். விலாசத்துக்கு அம்மா வீட்டையே கொடு, தபால் வந்தால் நான் வாங்கி வைக்கிறேன்.

கரண்ட் கணக்கும் போட்டுக்கொள். 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருக்கும், பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெடும். 30 வாட் ஃபேன் பத்து மணி நேரம் ஓடினால் 300 போய்விடும். லைட்டும் போனும் தாங்கும், இண்டக்‌ஷன் அடுப்பு தாங்காது.

வருகிற ஞாயிறு விடியற்காலையில் புரோக்கரை வண்டியோடு வரச் சொல். மாமா ஓட்டுவார். கேன் பத்தையும் ராத்திரியே நிரப்பி வைக்கிறேன்.