வையம்பட்டி மேட்டு நிலமும் சாயச் செடிகளும்

நூலுக்கு நிறமேற்றும் பொருள் இன்று கடையில் டப்பாவில் கிடைக்கிறது. முன்னாளில் அது நிலத்திலிருந்தே வரவேண்டியிருந்தது. 1965-க்கும் 1969-க்கும் இடையே சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் நடத்திய அகழாய்வில், சாயத் தொட்டியெனக் கருதப்படும் செங்கற்கட்டு ஒன்று வெளிப்பட்டது. நம் மாவட்டத்தில் நெசவும் சாயமும் எவ்வளவு தொன்மையானவை என்பதற்கு அதுவே சான்று.

இத்தொழில் நலிந்தது எவ்வாறு? சாயவேரிலும் ஐரோப்பிய மஞ்சிட்டியிலும் உள்ள அலிசரின் என்னும் சிவப்புப் பொருளை 1868-இல் கிரேபே, லீபர்மன் என்ற ஜெர்மானிய வேதியியலார் இருவர் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. விலையில் செடிகளால் போட்டியிட இயலவில்லை.

சாயவேருக்கு இம்பூறல் என்றும் பெயர். கடற்கரை மணலில், கிளிஞ்சற் சுண்ணம் கலந்த இடத்தில் விளைந்த வேரே சிறந்ததென மதிக்கப்பட்டது. அது ஒரு சிறு பூண்டு. வேரோ நூல்போல் மெல்லியது. அதை எடுக்கச் செடியையே பிடுங்க வேண்டும். நம் வரப்புகளில் நிற்கும் மஞ்சணத்தியின் வேர்ப்பட்டையும் சிவப்புத் தரும். ஆனால் மரத்தின் அடியைத் தோண்டினால் மரம் என்னாகும்? செம்மரமோ அருகிவரும் இனம். அதன் பன்னாட்டு வாணிகம் 1995 முதல் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆகவே வேரையும் மரத்தையும் அழித்துப் பெறும் சிவப்பை நம் உறுப்பினர்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவுரியின் நிலை வேறு. அதில் நிறம் இலையில் இருக்கிறது. பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்தால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். பயறு இனமாதலால் வேர் முடிச்சுகள் நிலத்துக்குத் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. நம் செம்மண் மேட்டு நிலத்துக்கு ஏற்ற மானாவாரிப் பயிர் அது. விதைத்தோல் கடினமானது, மணலோடு தேய்த்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

அறுத்த இலையை அன்றே தொட்டியில் நீரிலிட்டு, மேலே பாரம் வைத்து ஓரிரவு ஊறவிட வேண்டும். நீர் பச்சை கலந்த மஞ்சளாக மாறும். அதை மற்றொரு தொட்டிக்கு வடித்து, காற்றுப் படும்படி ஓயாமல் அடிக்க நீலம் பிரிந்து அடியில் படியும். அப்படிவைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டிகளாக உலர்த்துவர். சக்கை வயலுக்கு உரம். நீலக் கட்டி நீரிற் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்தாலே கரையும். அத்தொட்டியில் தோய்த்த நூல் பச்சையாக வெளிவந்து, காற்றில் கண்ணெதிரே நீலமாவதைப் பார்ப்பது தனி இன்பம்! சிவப்புக்கு வேண்டிய கடுக்காயும் படிகாரமும் இதற்கு வேண்டா.

இலை வாடுமுன் தொட்டி சேரவேண்டும் என்பதே இதில் இடர். தனி உழவர் இரண்டு தொட்டி கட்டுவதும், அவற்றை ஆண்டில் சில நாள் மட்டும் பயன்படுத்துவதும் கட்டுபடியாகா. உழவர் சங்கம் தொட்டியைப் பொதுவில் அமைத்து, எத்தனை கட்டி எந்த விலைக்கு என்பதை நெசவாளர் சங்கத்தோடு விதைப்புக்கு முன்பே எழுதிக்கொள்வதே வழி. அவ்வொப்பந்தம் இல்லாமல் ஓர் ஏக்கர்கூட விதைக்க வேண்டா. தலைமுடிச் சாயத்துக்காக உலர்ந்த இலையை வாங்குவோரும் உளர். நெசவாளர் எடுக்காத அறுப்பை அவர்களுக்கு விற்கலாம்.

விதை வாங்கும்போது விழிப்பு வேண்டும். தென் மாவட்டங்களில் பேதி மருந்தாகும் நிலாவாகையையும் அவுரி என்றே அழைக்கின்றனர். அதன் பூ மஞ்சள். காய் தட்டையாய் அகன்றிருக்கும். நமக்கு வேண்டிய நீலிக்குச் சிறு இளஞ்சிவப்புப் பூவும் மெல்லிய உருண்ட காயும் உண்டு. ஐயமிருப்பின், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் மேத்யூ அடிகளார் நிறுவிய இராபினாட் உலர்தாவரகத்தில் பூவும் காயும் உள்ள கிளையொன்றைக் காட்டி ஒப்பிடக் கேட்கலாம்.