படர்க்கையிலிருந்து தன்மைக்கு: இலக்கணத்திலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் திருநர் பால் அடையாளம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் தன்மை இடத்துச் சொற்கள் ஆண், பெண் வேறுபாடு காட்டுவதில்லை. படர்க்கைச் சொற்களே அதனைக் காட்டுகின்றன. ஒருவரின் பாலைப் பிறர் சொல்வதா, அவரே சொல்வதா என்னும் வினா இலக்கணத்திலும் சட்டத்திலும் ஒருங்கே எழுகிறது. தொல்காப்பியம், நன்னூல், திருநங்கையரின் தன்வரலாறுகள், சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு தீர்ப்புகள் ஆகியவற்றின்வழி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திருநர், பால், தன்மை, படர்க்கை, தன்வரலாறு, மதுரைக் கிளை.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையினது ஆள்வரைக்குள் அடங்குவது. திருநர் உரிமை குறித்து இக்கிளை வழங்கிய தீர்ப்புகள் அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ பணியாற்றும் சார்பதிவாளரையும் காவல் அலுவலரையும் கட்டுப்படுத்துவன. ‘பெண்’ யார், ‘மணமகள்’ யார் என்பனவே அவ்வழக்குகளில் எழுந்த வினாக்கள். சொற்பொருள் பற்றியன ஆதலின், அவை சட்டத்துறையினர்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் உரியவை.

இலக்கண நூல்களில் பால் வரையறை

தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைக்கிறது. அப்பெயர்க்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால் ஈறுகளையே அது கொள்ளும் என்றும் கூறுகிறது. பிறிதொரு நூற்பா, அப்பெயர் ஆண்பால் முடிபு கொள்ளுதலை விலக்குகிறது. தனிப்பால் வகுக்கப்படாவிடினும், மக்கள் என்னும் வகுப்பினின்று அவர் நீக்கப்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

நன்னூல் இன்னும் நுட்பமானது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் பவணந்தியார் கொள்கிறார். விடுதல், விரும்புதல் ஆகிய இரு வினைகளுக்கும் எழுவாய் அம்மனிதரே. பாலுக்கு அளவுகோலாக அமைவது விழைவு. எனினும், அவ்விரு திறத்தாரும் அஃறிணையை ஒத்தலும் உண்டு என அந்நூற்பா முடிகிறது. நன்னூலை இன்றைய உரிமைச் சிந்தனைக்கு முன்னோடியாகப் போற்றுவோர் இவ்விறுதிப் பகுதியை மறைத்தல் ஆகாது. விழைவை ஏற்ற இலக்கணமே திணையை ஐயுறவும் இடந்தந்தது. மேலும், இரு நூல்களிலும் அவர்கள் படர்க்கையிலேயே பேசப்படுகின்றனர்.

தன்வரலாறுகளில் தன்மை

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994) திருநங்கையர் வாழ்வைப் பரிவுடன் சித்திரித்த நாவல். எனினும் அதுவும் பிறர் நோக்கில் அமைந்ததே. பெங்களூருவின் ‘சங்கமா’ அமைப்பில் உரிமைப் பணியாற்றிய ரேவதி, திருநங்கையரின் வாழ்க்கைக் கூற்றுகளை ‘உணர்வும் உருவமும்’ என்னும் நூலாகத் தொகுத்தார். பின்னர் ‘வெள்ளை மொழி’ என்னும் தன்வரலாற்றையும் எழுதினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான், வித்யா’.

அத்தலைப்பு இலக்கண நோக்கில் பொருள் பொதிந்தது. ‘நான்’ என்னும் சொல் ஆண், பெண் எனப் பிரிவதில்லை. ‘நான் வந்தேன்’ என்பவரின் பால் வினைமுற்றில் வெளிப்படாது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ எனப் பிறர் கூறும்போதே அது சுமத்தப்படுகிறது. தானே தேர்ந்த பெயரை ‘நான்’ என்பதன் அருகே வைப்பதன் மூலம், பாலைச் சொல்லும் உரிமையைத் தலைப்பு பேசுபவரிடமே சேர்க்கிறது. பெயரையும் பாலையும் ஆவணங்களில் மாற்றக் கோரும் போராட்டம், இக்கூற்றைப் பிறரும் ஏற்க வேண்டும் என்னும் கோரிக்கையே ஆகும்.

தீர்ப்புகளில் சொற்பொருள்

2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில், நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, தம் பாலைத் தாமே அறுதியிடும் உரிமையை ஏற்றது. அறுவை மருத்துவத்தை அதற்கு நிபந்தனையாக்குதல் சட்டத்திற்கு மாறானது என்றும் கூறியது.

அதே மாதத்தில் மதுரைக் கிளையின் நீதிபதி எஸ். நாகமுத்து, கரூர் மாவட்டப் பெண் காவலர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தார். பெண்ணாகப் பதிவுபெற்று, பெண்ணாகவே வாழ்ந்து பணியேற்ற அவர், மருத்துவ ஆய்வு பெண்ணல்லர் எனக் கூறியதால் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். தம்மைப் பெண் எனக் கொள்ளும் அவரது உரிமையை ஏற்ற நீதிமன்றம், அவரை மீண்டும் பணியமர்த்த ஆணையிட்டது. இங்கு மருத்துவக் குழுவின் படர்க்கைக் கூற்றினும் மனுதாரரின் தன்மைக் கூற்று வலிமை பெற்றது.

2019 ஏப்ரல் 22 அன்று, அருண்குமார் எதிர் பதிவுத்துறைத் தலைவர் வழக்கில், நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ‘மணமகள்’ என்னும் சொல்லை ஆராய்ந்தார். தூத்துக்குடிக் கோயிலில் நடந்த திருமணத்தில் மணமகள் திருநங்கை என்பதால் பதிவு மறுக்கப்பட்டிருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் அச்சொல் மாறாப் பொருள் உடையதன்று. திருநங்கையையும் அது குறிக்கும் என அவர் தீர்ப்பளித்தார். சட்டத்தின் எழுத்து மாறாதிருக்க, சொல்லின் பொருள் விரிந்தது.

மீளும் படர்க்கை

இவ்வளர்ச்சி நேர்கோடாக அமையவில்லை. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தாமே உணர்ந்த அடையாளத்திற்கான உரிமையை 4ஆம் பிரிவில் ஏற்றது. ஆனால் 5, 6ஆம் பிரிவுகளின்படி மாவட்ட நடுவர் அடையாளச் சான்று வழங்க வேண்டும். ஆண் அல்லது பெண் எனத் திருத்திய சான்று பெற, 7ஆம் பிரிவு அறுவை மருத்துவச் சான்றைக் கேட்டது. உச்சநீதிமன்றம் விலக்கிய நிபந்தனை மீண்டும் நுழைந்தமை இங்குத் தெளிவு. ‘நான்’ எனச் சொன்னவர், ‘இவர்’ எனப் பிறர் எழுதித்தரக் காத்திருக்க வேண்டியவராகிறார்.

முடிவுரை

நன்னூல் ஏற்ற விழைவு, தன்வரலாறுகளில் தன்மைக் கூற்றாக ஒலித்து, தீர்ப்புகளில் உரிமையாக நிலைபெற்றது. சான்று கோரும் சட்டமோ அதனை மீண்டும் படர்க்கையிடம் ஒப்படைத்தது. தமிழாய்வாளர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. 2008இல் அமைந்த நல வாரியம் ‘அரவாணிகள்’ என்னும் பெயரைத் தாங்கியது; பின்னர்த் ‘திருநங்கை’ வழக்கூன்றியது; உயர்நீதிமன்றத்தின் தூண்டுதலால் 2022இல் தமிழக அரசு சொற்பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. 2018இல் சத்யஸ்ரீ ஷர்மிளா வழக்கறிஞராகப் பதிவுபெற்றபின், திருநங்கையர் மனுதாரராக மட்டுமன்றி வாதிடுபவராகவும் நீதிமன்றத்தில் நிற்கின்றனர். விண்ணப்பப் படிவங்களுக்கும் பாடநூல்களுக்கும் சொல் வகுப்போர், அச்சொல்லால் குறிக்கப்படுவோரின் கூற்றை முதற்சான்றாகக் கொள்ளல் வேண்டும்.