அவர்கள் வழக்கமும் நம் வழக்கமும்

வேதபகுதி: கலாத்தியர் 2:1-14, அப்போஸ்தலர் 16:1-3



வெளிதேசத்தார் நம்ம பள்ளத்தாக்குக்குப் புதியவர்கள் அல்ல. அமெரிக்க மிஷனெரிகள் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தார்கள். பிறகு பெரியகுளம் பக்கமும் வந்து ஊழியம் செய்தார்கள். பென்னிகுவிக் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரில்தான் இன்றைக்கும் கம்பம் வயல்களில் நெல் விளைகிறது. இப்போதோ நம் பிள்ளைகள் துபாய்க்கும் சவூதிக்கும் வேலைக்குப் போகிறார்கள். எழுப்புதல் கூட்டங்களுக்கு வெளிநாட்டு ஊழியர்கள் வருகிறார்கள். ஆகவே மற்ற தேசத்தாரோடு சேர்ந்து வேலை செய்வதைக் குறித்து வேதம் என்ன போதிக்கிறது என்று இம்மாதம் தியானிப்போம்.

பவுலோடு ஊழியத்தில் இருந்த இரண்டு பேரைப் பாருங்கள். தீமோத்தேயுவின் தாய் யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன். அவ்விடத்து யூதர் நிமித்தம் பவுல் அவனுக்கு விருத்தசேதனம் பண்ணினார். தீத்துவோ கிரேக்கன். அவனுக்கும் செய்தே ஆகவேண்டும் என்று சிலர் நெருக்கினபோது பவுல் கொஞ்சமும் இடங்கொடுக்கவில்லை. அதே பவுல், அதே காரியம். ஏன் இந்த வித்தியாசம்? முந்தினதில், பிறர் இடறாதபடிக்கு அவர்கள் வழக்கத்துக்கு வளைந்து கொடுத்தார். பிந்தினதில், அந்த வழக்கத்தையே இரட்சிப்புக்கு நிபந்தனை ஆக்கப் பார்த்தார்கள்; அங்கே வளைந்தால் சுவிசேஷமே போய்விடும்.

இது பிடிபட்டால் பாதிச் சண்டை தீரும். வெளிநாட்டுக் குழுவினர் செருப்புக்காலோடு ஆராதனைக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு சபையில் மூன்று மாதம் பேசினார்கள். நாம் செருப்பைக் கழற்றுவது பக்தி. அவர்கள் ஊரில் ஷூ போட்டு வருவதுதான் மரியாதை, குளிர் வேறு. சொன்னால் சந்தோஷமாய்க் கழற்றியிருப்பார்கள். வாசலில் நின்று ஒருத்தரும் சொல்லவில்லை! மோதிரமும் அப்படித்தான். நகையைக் குறித்து நமக்கு உபதேசம் உண்டு. ஆனால் அவர்களுக்கு அந்த ஒற்றை மோதிரம் அலங்காரம் அல்ல, கல்யாணமானவர் என்பதற்கு அடையாளம். அவர் இடது கையால் வேதபுத்தகத்தை நீட்டினாலும் மனசில் அவமதிப்பு இல்லை.

நம்மைப்பற்றி அவர்களுக்கும் குழப்பம் உண்டு. பெரியவர் ஒருவர் கேட்டால், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வாய் வராது. "பாக்கலாம் பிரதர்" என்போம். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். அவரோ, ஒப்புக்கொண்டான் என்று டைரியில் எழுதிக்கொள்வார். பிறகு பொய் சொன்னான் என்பார். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி "சரி" என்றால், அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாடு போகிற வாலிபத் தம்பிமாரே, கவனியுங்கள். புரியாத வேலைக்குத் தலையாட்டாதீர்கள். "புரியவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்று கேட்பது அவமானம் அல்ல. சாரத்தின் மேலும் மிஷின் பக்கத்திலும் அந்தக் கேள்வி உயிரைக் காக்கும்.

பணக் காரியத்தில்தான் அதிகமாய் மனம் உடைகிறது. காணிக்கை அனுப்பினவர் பில் கேட்டால், "என்னைச் சந்தேகப்படுறாரு" என்று நம்மவருக்கு முகம் வாடிவிடும். கூடப்பிறந்த தம்பியிடமும் அவர் பில் கேட்பார்; கொடுத்த ஜனங்களுக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டும். பவுலும் தர்மப்பணத்தைத் தனியே கொண்டுபோகவில்லை. ஒருவரும் குற்றம் சாட்டாதபடி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18-21). ரசீது வெள்ளைக்காரன் பழக்கம் என்று தள்ளாதீர்கள்.

இனி கசப்பான பகுதி. "எங்க ஊர் வழக்கம்" என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிடலாமா? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெதுவாய் விலகிக்கொண்டார். பர்னபாவும் கூடவே இழுபட்டார். பவுல் அதை வழக்கம் என்று விட்டுவிடாமல் எல்லார் முன்பாகவும் கண்டித்தார்.

நம் பக்கத்திலும் இது நடந்தது. மதுரை அமெரிக்க மிஷனில் 1847-ல், ஜாதியை விட்டதற்கு அடையாளமாக உபதேசியார்கள் எல்லாரும் சேர்ந்து சாப்பிடவேண்டும் என்று மிஷனெரிகள் கேட்டார்கள். அநேகர் மறுத்தார்கள், வேலையையும் இழந்தார்கள். அந்த மிஷனெரிகளுக்கு நம் நாட்டைப்பற்றித் தெரியாதது எவ்வளவோ உண்டு. ஆனால் இதிலே அவர்கள் கண்டது சரி. நமக்குப் பழகிப்போனது அந்நியன் கண்ணில் குத்தியது.

இன்றைக்கு வெளிநாட்டு ஊழியருக்கு நடு ஹாலில் இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். தெருவுக்கு அந்தப்பக்கம் இருக்கிற சொந்த சபைச் சகோதரன் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க நம்மில் சிலருக்குக் கை நீளவில்லை. பேதுரு எழுந்துபோன பந்தி எந்தப் பந்தி என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த மாத வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபங்களை வரிசையாய் ஒவ்வொரு தெருவிலும் வைக்கிறோம். ஜெபம் முடிந்ததும் அந்தந்த வீட்டிலேயே எல்லாருக்கும் சாப்பாடு. அப்போஸ்தலர் 10, 11 அதிகாரங்களை வாசித்துவிட்டு வாருங்கள்.