ஆசாரியரின் பாகையும் பொற்பட்டமும்

வாசிப்பு: யாத்திராகமம் 28:36-40, லேவியராகமம் 16:4

பண்டைய இஸ்ரவேலின் ஆசாரியர்கள் வெறுந்தலையுடன் ஆராதனைப் பணி செய்யவில்லை. ஆரோனின் குமாரர்கள் குல்லா அணிந்தனர். பிரதான ஆசாரியனாகிய ஆரோன் பாகை அணிந்தான். பாகையைக் குறிக்கும் எபிரேயச் சொல், சுற்றுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. ஆகவே, அது தலையைச் சுற்றிக் கட்டப்பட்ட துணி என அறிகிறோம். இவை இரண்டும் மெல்லிய சணல்நூலால் ஆனவை. இது நாம் சாக்குகளில் காணும் சணல் அல்ல. ஆளிச் செடியின் நாரிலிருந்து நூற்ற மென்மையான நூலாகும்.

நெற்றியில் ஒரு பட்டம்

பாகையின் முன்புறத்தில் பசும்பொன் பட்டமொன்று இளநீல நாடாவினால் கட்டப்பட்டிருந்தது. முத்திரை வெட்டுவதுபோல் அதில் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று வெட்டப்பட்டிருந்தது. இப்பட்டத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு மலர் என்ற பொருளும் உண்டு.

இப்பட்டம் அலங்காரத்துக்கு மட்டுமா? 38ஆம் வசனத்தை நாம் கவனிக்க வேண்டும். மக்கள் கொண்டுவரும் காணிக்கைகளில் ஏதும் குற்றம் இருந்தால், அதை ஆரோனே சுமக்க வேண்டும். அதற்காகவே அது எப்போதும் அவன் நெற்றியில் இருந்தது. மகிமையாகத் தோன்றிய பொன், மற்றவர்களின் குறைகளுக்குப் பொறுப்பேற்கும் அடையாளமாயும் இருந்தது.

பொன் கழற்றப்பட்ட நாள்

வருடத்தில் ஒருநாள், பாவநிவாரண நாளன்று, பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் சென்றான். அப்போது அவன் பொன் அணிகளை விட்டு, எளிய சணல்நூல் பாகையும் வஸ்திரங்களுமே தரித்திருந்தான். மிக உயர்ந்த பணியை மிக எளிய உடையில் செய்தான்.

பிறர் கையில் வஸ்திரம்

கி.பி. 6இல் யூதேயா ரோமரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் பிரதான ஆசாரியனின் வஸ்திரங்களை ரோமர் எருசலேமின் அந்தோனியா கோட்டையில் காவலில் வைத்தனர். பண்டிகைகளுக்காக அவற்றை வெளியே கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பெற்றனர். வஸ்திரத்தை வைத்திருப்பவர் ஆராதனையையும் கட்டுப்படுத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கி.பி. 36 அளவில் சீரியாவின் ஆளுநர் வித்தேலியு அவற்றைத் திருப்பிக் கொடுத்தார் என வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். கி.பி. 70இல் ஆலயம் அழிக்கப்பட்டது. இப்பாகையை அணிந்து செய்யும் பணியும் நின்றது.

சிந்திப்போம்

1. ஒரு பதவியில் நாம் முதலில் காண்பது அதன் மகிமையையா, அதன் பாரத்தையா?

2. நம்மிடையே பொறுப்பில் இருப்பவர்கள், பிறருடைய குறைகளுக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறார்களா? நாம் இருக்கிறோமா?