ரோபோ சத்திரசிகிச்சை: காணியை ஈடு வைக்குமுன்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் தங்கிக் கொழும்பில் வைத்தியம் பார்க்கும் நம்மவர் சிலர், "சென்னையில் ரோபோ ஒப்பரேஷன் நல்லதாம்" என்று கேள்விப்பட்டுக் காணி உறுதியை ஈடு வைக்க யோசிக்கின்றனர். சற்றுப் பொறுங்கள்.

ரோபோ தானாக வெட்டுவதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் திரையைப் பார்த்தபடி தம் கைகளை அசைக்க, இயந்திரக் கைகள் சிறு துவாரங்களூடாக அவ்வாறே அசைகின்றன. காயம் சிறியது, இரத்த இழப்பு குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். மண்வெட்டி பிடிப்பவருக்கு இது பெரிய விடயந்தான். ஆனால் ரோபோ இல்லாத சாதாரண துவார முறையிலும் இந்நன்மைகளில் பெரும்பகுதி உண்டு. பித்தப்பையை அகற்ற அதுவே போதும்.

இன்னொன்றையும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். ஆரம்பநிலைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றிய ஆய்வொன்று 2018 இல் வெளியானது. வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றியவர்களைவிட, ரோபோ உட்படத் துவார முறையில் அகற்றியவர்களிடமே நோய் கூடுதலாகத் திரும்பியது, இறப்பும் கூடுதல். புதியது என்பதால் மட்டும் மேலானதாகிவிடாது.

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் சத்திரசிகிச்சை இலவசம். முதலில் அங்கே காட்டுவோம். பிறகும் சென்னை செல்வதானால் டொக்டரிடம் கேட்போம்: என் நோய்க்கு ரோபோவால் கூடுதல் பயன் என்ன? நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? ஊர் திரும்பியபின் கோளாறு வந்தால் யார் பார்ப்பார்? கேட்கக் கூச்சமென்றால் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பதிலை அவர் எழுதிக்கொள்ளட்டும்.